காதல் சானெட்: 14 அடியும் ஒரு திருப்பமும்

கேள்வி இது: “காதல் சானெட் என்றால் 14 வரி, வரிக் கடைசியில் ஒலி ஒத்துவரும் என்ற அளவுக்குத் தெரியும். உள்ளே அதன் வடிவம் எப்படி அமைகிறது? என்னென்ன அணிகள் வருகின்றன? ஒன்றைக் கையில் கொடுத்தால் எங்கிருந்து படிக்கத் தொடங்குவது? அந்த 14 கட்டாயம்தானா?”

மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை சுலபமாகிவிடும். சானெட் ஒன்று கையில் கிடைத்தால் உடனே அடிகளை எண்ண வேண்டாம், உவமை எங்கே, உருவகம் எங்கே என்று கோடு போடவும் வேண்டாம். அது எந்த இடத்தில் திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். ‘ஆனால்’, ‘இருந்தாலும்’, ‘இப்போதோ’ என்று ஒரு சொல் வரும். சில சமயம் சொல்லே இருக்காது. அதுவரை அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த குரல் திடீரென்று அவளிடமே பேசத் தொடங்கும். அந்த இடத்துக்கு இத்தாலியர்கள் ‘வோல்டா’ என்று பெயர் வைத்தார்கள். திரும்புதல் என்று பொருள். நாம் திருப்பம் என்று சொல்லிக்கொள்ளலாம். சானெட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அடிக்கணக்கு, ஒலிக்கணக்கு, அணிகள் எல்லாம் அந்த ஒரு நொடிக்காகத்தான் வேலை செய்கின்றன.

காதலுக்கும் இந்த வடிவத்துக்கும் இவ்வளவு நெருக்கம் வந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். காதலிக்கிறவர் மனதில் ஒரே நேரத்தில் இரண்டு குரல் ஓடும். வேண்டும் என்கிறது ஒன்று, வேண்டாம் என்கிறது மற்றொன்று. அவளைப் போல் யாருமில்லை என்று சொன்ன கையோடு, அவளால்தான் இந்தப் பாடு என்றும் சொல்லத் தோன்றும். அந்த இரண்டையும் ஒரே கவிதைக்குள் வைத்து, ஒன்று மற்றொன்றாக மாறும் கணத்தைக் காட்ட வசதியான பாத்திரம் சானெட்.

இது பிறந்தது 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், சிசிலியில், பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அவையில். முதலில் எழுதியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஜாகொமோ தா லென்தீனி. அவர் தொழிலால் நோட்டரி, பத்திரம் எழுதிச் சான்று தருகிறவர். ‘சொனெட்டோ’ என்றால் சின்னப் பாட்டு. பெயர்தான் பாட்டு, உள்ளே நடப்பது வழக்கு. முதல் எட்டு அடியில் ஒரு நிலையை எடுத்து வைக்கிறோம், அடுத்த ஆறு அடியில் அதற்குப் பதில் சொல்கிறோம். எட்டும் ஆறும் சமமில்லை என்பதைக் கவனியுங்கள். ஏழும் ஏழுமாகப் பிரித்திருந்தால் தராசு மாதிரி அசையாமல் நின்றிருக்கும். பதிலுக்குக் கிடைப்பது குறைந்த இடம் என்பதால் அது கேள்வியைவிட இறுக்கமாக வந்தாக வேண்டும். சானெட் முடியும்போது ஒரு வேகம் தெரிகிறதே, அது இந்தச் சமமின்மையால் வருவது.

அடிக் கடைசி ஒலியைப் பற்றி ஒரு சொல். பலரும் இதை எதுகை என்கிறார்கள். தமிழில் எதுகை என்பது அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. அடியின் இறுதி ஒத்து வந்தால் அதற்கு இயைபு என்று பெயர். சானெட்டில் இருப்பது இயைபு. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், பாரதியிடம் வரும்போது தேவைப்படும். ஒவ்வொரு இயைபுக்கும் ஓர் எழுத்தைக் குறியாக வைத்தால் இத்தாலிய எட்டடி ‘கசசக கசசக’ என்று போகும். ஆறடி ‘தபம தபம’ என்றோ ‘தபத பதப’ என்றோ வரும். வேறு வரிசைகளும் உண்டு. முதல் எட்டில் இரண்டே ஒலிகள் திரும்பத் திரும்ப வருவதால், ஒரே எண்ணத்தில் மனம் சுற்றிக்கொண்டிருப்பது காதிலேயே கேட்கும். ஒன்பதாம் அடியில் புதிய ஒலி வந்ததும் ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கும்.

இதை முழுமையாக்கியவர் இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் (1304–1374). ‘கன்ஸோனியேரே’ என்ற தொகுப்பில் 366 கவிதைகள். அவற்றில் 317 சானெட்டுகள். 1327 ஏப்ரல் 6 அன்று அவிஞோன் நகரத் தேவாலயம் ஒன்றில், தாம் காதலித்துப் பாடிய லாராவை முதலில் பார்த்ததாகவும், 1348இல் அதே ஏப்ரல் 6 அன்று அவள் இறந்ததாகவும் அவரே குறித்து வைத்திருக்கிறார். அந்தத் தொகுப்பின் 90ஆம் கவிதையைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் அடி இப்படி ஒலிக்கும்: ‘எரானோ இ கபேய் தோரோ ஆ லவ்ரா ஸ்பார்ஸி.’ பொற்கூந்தல் காற்றில் விரிந்து கிடந்தது என்று பொருள். ‘லவ்ரா’ என்பது இங்கே இளங்காற்று. ஆனால் இத்தாலிய உச்சரிப்பில் லாராவின் பெயரும் லவ்ராதான். கவிதையில் அவள் பெயரை எங்கும் நேராகச் சொல்லவில்லை. அவள் கூந்தலைக் கலைத்த காற்றாக அவளே அடிக்குள் வந்துவிட்டாள். நமக்குப் பழக்கமான சிலேடைதான் இது. விளையாட்டுக்காகச் செய்த சிலேடை இல்லை, எங்கே திரும்பினாலும் ஒரே பெயர் கேட்கிற ஒருவரின் நிலை.

அந்த எட்டடி கிட்டத்தட்ட முழுக்கக் கடந்தகாலம். கூந்தல் ஆயிரம் முடிச்சாகச் சுழன்றது. கண்ணில் அளவில்லாத ஒளி எரிந்தது. இப்போது அந்த ஒளி குறைந்துவிட்டது. அவள் முகத்தில் இரக்கத்தின் நிறம் படர்ந்தது போலிருந்தது, மெய்யோ பொய்யோ. நெஞ்சில் தீப்பற்றத் தயாராகப் பஞ்சை வைத்துக்கொண்டிருந்தவன் நான், உடனே பற்றி எரிந்ததில் என்ன வியப்பு? எட்டாம் அடி இப்படிக் கேள்வியில் நிற்கிறது. பிறகு ஆறடி: அவள் நடை மண்ணில் பிறந்தவர் நடை இல்லை, அவள் சொல் மனிதக் குரலாக ஒலிக்கவில்லை, நான் கண்டது உயிருள்ள ஒரு சூரியன். “இப்போது அவள் அப்படி இல்லாமல் போனாலும், வில் தளர்ந்துவிட்டது என்பதற்காகப் புண் ஆறுவதில்லை.”

அம்பு தைத்த பிறகு வில்லின் நாண் தளர்ந்தால் என்ன, தளராவிட்டால் என்ன! அவள் அழகு குறைந்துவிட்டதை நாலாம் அடியிலேயே மெதுவாகச் சொல்லி வைத்தார். அந்த விதை கடைசி அடியில் முளைக்கிறது. எட்டடியில் இயைபாக வரும் சொற்களையும் பாருங்கள்: ஸ்பார்ஸி, ஸ்கார்ஸி, ஆர்ஸி. பொருள் சொன்னால் விரிந்தது, குறைந்தது, எரிந்தேன். விரிந்த கூந்தல், குறைந்த ஒளி, எரிந்த நெஞ்சு. முழுக் கதையும் அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. இயைபு வெறும் ஓசை இன்பத்துக்கு என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் காட்டுவது இதைத்தான். தூரத்தில் கிடக்கும் இரண்டு சொற்களை ஒலி கோத்துவிட்டால் பொருளும் கோத்துக்கொள்ளும்.

பெத்ரார்க்கிடமிருந்து பின்னால் வந்தவர்கள் அதிகமாக எடுத்துக்கொண்ட அணி முரண். அவருடைய 134ஆம் கவிதையில், அமைதியும் கிடைக்கவில்லை, போர் செய்ய ஆயுதமும் இல்லை, அஞ்சுகிறேன், நம்புகிறேன், எரிகிறேன், பனிக்கட்டியாகவும் கிடக்கிறேன் என்று முரண்களாகவே அடுக்கிக்கொண்டு போகிறார். 14ஆம் அடி ஒரே வாக்கியம்: “பெண்ணே, உன்னால்தான் எனக்கு இந்த நிலை.” தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தவர் அந்தக் கடைசி அடியில்தான் முகத்தைத் திருப்பி அவளைப் பார்க்கிறார். திருப்பம் ஒன்பதாம் அடியில்தான் வரவேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். நல்ல கவிஞர்கள் அதைத் தேவைப்பட்ட இடத்துக்கு நகர்த்திக்கொள்வார்கள்.

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அவையில் இருந்த தாமஸ் வயட், சர்ரே பிரபு ஹென்றி ஹோவர்ட் ஆகிய இருவரும் இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1557இல் ரிச்சர்ட் டாட்டல் பதிப்பித்த தொகைநூலில் இவர்களுடைய சானெட்டுகள் அச்சில் பரவின. அதற்குள் இருவருமே இறந்திருந்தார்கள். இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிகிறவை, இயைபு தாராளமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் அப்படிக் கிடைக்காது. நாலைந்து ஒலியை வைத்து 14 அடியை ஓட்டுவது சிரமம். ஆகவே சர்ரே ‘கசகச தபதப மயமய வவ’ என்று மாற்றி அமைத்தார். மூன்று நாலடிகள், கடைசியில் ஓர் ஈரடி, மொத்தம் ஏழு ஒலிகள். பின்னால் ஷேக்ஸ்பியர் பெயரால் அழைக்கப்படும் வடிவம் இதுதான். எட்மண்ட் ஸ்பென்ஸர் 1595இல் வெளியிட்ட 89 சானெட்டுகளில் ஒரு நாலடியின் ஒலியை அடுத்த நாலடிக்குள் பின்னி விட்டார்: ‘கசகச சதசத தபதப மம.’ அது அழகான பின்னல். ஆனால் அதிகம் பேர் தொடரவில்லை.

மொழியின் வசதிக்காகச் செய்த இந்த மாற்றம் சிந்தனையின் நடையையே மாற்றிவிட்டது. இத்தாலிய வடிவத்தில் ஒரு கீல், இரண்டு கதவு. ஆங்கில வடிவத்தில் மூன்று படி ஏறி, மேலே நின்று ஒரு பூட்டைப் போடுகிறோம். மூன்று நாலடி இருப்பதால் ஒரே விஷயத்தை மூன்று படிமமாகச் சொல்லத் தோன்றும். ஷேக்ஸ்பியரின் 73ஆம் சானெட் இதைச் செய்வதைப் பாருங்கள். மூப்படைந்த ஒருவர் தம்மைவிட இளையவரான அன்பரிடம் பேசுகிறார். முதல் நாலடியில் அவர் ஒரு பருவம், இலையுதிர்காலத்து மரம். இரண்டாம் நாலடியில் அவர் ஒரு பொழுது, சூரியன் மறைந்த பின் மேற்கே மிஞ்சியிருக்கும் வெளிச்சம். மூன்றாம் நாலடியில் அவர் ஒரு தணல், தன் இளமையின் சாம்பல் மேலேயே கிடந்து அணைந்துகொண்டிருக்கும் நெருப்பு. ஆண்டு, நாள், கணம். காலம் சுருங்கிக்கொண்டே வருவது தெரிகிறதா? மரத்துக்கு மீண்டும் வசந்தம் வரும், பொழுதும் மீண்டும் விடியும், ஆனால் அணைந்த தணல் அணைந்ததுதான். மூன்றும் தனித்தனி உருவகம், ஆனால் வரிசையை மாற்றிவைத்தால் கவிதை செத்துவிடும்.

இரண்டாம் அடியில் ஒரு நுட்பம் இருக்கிறது. கிளைகளில் தொங்குபவை “மஞ்சள் இலைகள், அல்லது ஒன்றுமே இல்லை, அல்லது சில” என்கிறார். ஒழுங்காகக் குறைத்துக்கொண்டு வந்தால் நிறைய, சில, ஒன்றுமில்லை என்றுதான் வரவேண்டும். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மனம் வராமல் ‘சில’ என்று திரும்புகிறது குரல். வயதை ஒத்துக்கொள்ள முடியாமல் ஒருவர் தடுமாறுவதை மூன்று சொல்லின் வரிசையில் வைத்துவிட்டார். இதற்கு எந்த அணி இலக்கணத்திலும் பெயர் தேட வேண்டியதில்லை, காது கொடுத்தால் போதும். கடைசி ஈரடி: இதையெல்லாம் நீ பார்க்கிறாய், அதனால்தான் உன் அன்பு வலுக்கிறது, சீக்கிரம் பிரிய வேண்டியதை நன்றாக நேசிக்கிறாய்.

தாளத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில சானெட்டின் அடி ஐயாம்பிக் பென்டாமீட்டர். அழுத்தமில்லாத அசை ஒன்று, அழுத்தமான அசை ஒன்று, இப்படி ஐந்து ஜோடி. 18ஆம் சானெட்டின் முதல் அடியைத் தமிழெழுத்தில் பிரித்தால் ‘ஷல்-ஐ, கம்-பேர், தீ-டு, அ-சம், மர்ஸ்-டே’ என்று பத்து அசை வரும். எல்லா ஜோடியும் ஒரே எடையில் விழாது, விழவும் கூடாது. பேச்சின் இயல்பும் தாளத்தின் சட்டமும் உரசிக்கொள்ளும் இடத்தில்தான் உணர்ச்சி இருக்கும். நம் நேரசை, நிரையசைக் கணக்கு எழுத்தின் மாத்திரையையும் சேர்க்கையையும் வைத்தது, இது குரலின் அழுத்தத்தை வைத்தது. அதனால் இந்தத் தாளத்தை அப்படியே தமிழில் போட முயல்வது வீண் வேலை.

அப்புறம் உவமை. அந்த 18ஆம் சானெட்டை எல்லோரும் உவமைக் கவிதை என்பார்கள். உண்மையில் அது உவமையை மறுக்கும் கவிதை. “உன்னை ஒரு கோடை நாளுக்கு ஒப்பிடட்டுமா?” என்று கேட்கிறார். இங்கிலாந்தில் கோடை இதமான பருவம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். கேட்ட கையோடு, நீ அதைவிட அழகு, அதைவிட மென்மை என்கிறார். மே மாத மொட்டுகளை முரட்டுக் காற்று உலுக்குகிறது, கோடையின் குத்தகைக் காலமோ ரொம்பக் குறைவு, வானத்தின் கண் சில நேரம் அதிகமாகச் சுடுகிறது, சில நேரம் மங்கிவிடுகிறது. எட்டடியும் கோடையின் குறைகள்தான். இதை நாம் வேற்றுமை அணி என்போம், இரண்டு பொருளை ஒப்புமைக்குக் கொண்டுவந்து பின் வேறுபாடு காட்டுவது. “நன்னீரை வாழி அனிச்சமே நின்னினும் மென்னீரள் யாம்வீழ் பவள்” என்ற குறளிலும் இதே அசைவுதான். அனிச்சத்தை முதலில் வாழ்த்திவிட்டு, உன்னைவிட அவள் மெல்லியவள் என்று திரும்புகிறான். ஒன்றே முக்கால் அடிக்குள் ஒரு வோல்டா!

சானெட் அதற்கு மேலும் ஒரு படி போகிறது. ஒன்பதாம் அடியில் ‘ஆனால்’ வருகிறது: “ஆனால் உன் நிலைத்த கோடை மங்காது.” கவனித்தீர்களா? நீ கோடையைப் போல இல்லை என்று தள்ளிவிட்ட அதே கோடை இப்போது ‘உன் கோடை’யாகத் திரும்பி வந்துவிட்டது. உவமையாக மறுக்கப்பட்டது உருவகமாக ஏற்கப்படுகிறது. திருப்பமும் அணியும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. மனிதர்கள் மூச்சு விடும் வரை, கண்கள் பார்க்கும் வரை ‘இது’ வாழும், இது உனக்கு உயிர் தரும் என்று முடிகிறது. அந்த ‘இது’ நீங்கள் கையில் வைத்திருக்கும் கவிதையேதான்.

உறுப்பு உறுப்பாக வருணிப்பது பெத்ரார்க் வழிவந்த கவிஞர்களுக்கு அத்துப்படி. பொன்னிழைக் கூந்தல், சூரியன் போன்ற கண், பவள உதடு, பனி போன்ற மார்பு. நம் கேசாதிபாத வருணனையின் உறவுக்காரர் என்று சொல்லலாம். நூறு பேர் இதையே எழுதித் தேய்த்த பிறகு, ஷேக்ஸ்பியர் 130ஆம் சானெட்டில் அதே பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக மறுத்தார். என் காதலியின் கண் சூரியன் மாதிரி இல்லவே இல்லை, உதட்டைவிடப் பவளம்தான் சிவப்பு, அவள் நடந்தால் கால் தரையில்தான் படுகிறது. 12 அடி இப்படிப் போய், “ஆனாலும் சத்தியமாக, பொய் உவமைகளால் புகழப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் என் காதலி குறைந்தவள் இல்லை” என்று ஈரடியில் முடிகிறது. இதை வெறும் கேலி என்று படிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மண்ணில் கால் பதிய நடக்கும் ஒருத்தியை அப்படியே காதலிப்பதைச் சொல்லும் கவிதை இது. உவமை எல்லாம் விலகிய பிறகு மிஞ்சுகிறவள் அவள்.

ஆங்கிலக் கவிஞர் எலிசபெத் பாரெட் ப்ரௌனிங் 1850இல் வெளியிட்ட 44 சானெட்டுகளில் 43ஆவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். “உன்னை எப்படியெல்லாம் காதலிக்கிறேன்? எண்ணிப் பார்க்கிறேன்” என்று தொடங்குவது. இத்தாலிய வடிவம், மேலே சொன்ன ‘கசசக’தான். ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்ற தொடர் அதற்குப் பிறகு ஏழு முறை வருகிறது. திரும்ப வருகிற தொடரை நாம் பின்வருநிலையணியில் சேர்ப்போம். இங்கே அது செய்யும் வேலை சுவாரசியமானது. எண்ணுகிறேன் என்றுதான் தொடங்கினார், ஆனால் எண்ணிக்கை சீராக நிற்கவில்லை. சில இடத்தில் ஓர் அடிக்கு ஒன்று, சில இடத்தில் மூன்றடிக்கு ஒன்று. வாக்கியம் அடியின் எல்லையில் நிற்காமல் அடுத்த அடிக்குள் வழிந்து ஓடுகிறது. “உன்னைக் காதலிக்கிறேன், என் மூச்சால்” என்ற இடத்தில் அடி முடிந்துவிடும். அடுத்த அடியில் “என் சிரிப்பால், கண்ணீரால், என் வாழ்வு முழுவதாலும்” என்று கொட்டும். கணக்கு உடைந்து மூச்சு வாங்குவது நமக்கே தெரிகிறது. இப்படி அடி தாண்டி ஓடுவதும் ஓர் உத்திதான், அணிப் பட்டியலில் பலரும் இதை விட்டுவிடுவார்கள். பல நூற்றாண்டாக ஆண்களே அதிகம் பேசிய இந்த வடிவத்தில் ஒரு பெண் ‘நான் காதலிக்கிறேன்’ என்று ஏழு முறை சொன்னதன் எடையையும் சேர்த்துப் படியுங்கள். அவருக்கு மூன்று நூற்றாண்டு முன்பே, 1555இல், பிரெஞ்சுக் கவிஞர் லூயிஸ் லாபே தம் 24 சானெட்டுகளை அச்சிட்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி எனக்குப் பிடித்த இடம். பெத்ரார்க்கின் 189ஆம் கவிதை ஒரு நீண்ட உருவகம். நள்ளிரவு, குளிர்காலம், புயல். மறதி ஏற்றிய கப்பல் தத்தளிக்கிறது. துடுப்புகள் கொடிய எண்ணங்கள், பாயைக் கிழிக்கும் காற்று பெருமூச்சு, மழை கண்ணீர். வழக்கமாக வழிகாட்டும் இரண்டு இனிய அடையாளங்கள், அதாவது அவள் கண்கள், மறைந்துவிட்டன. வயட் இதை ஆங்கிலமாக்கினார். ஷேக்ஸ்பியரின் 116ஆம் சானெட்டில் அதே கப்பல் வேறு விதமாக வருகிறது. காதல் புயலைப் பார்த்து அசையாத அடையாளம், அலையும் படகுக்கெல்லாம் விண்மீன் என்கிறார். பெத்ரார்க்குக்கு விளக்கு அணைந்துபோனது, ஷேக்ஸ்பியருக்கு விளக்கு அணையவே அணையாது. இப்போது பாரதியைக் கேளுங்கள்:

“கலங்கரை விளக்கொரு காவதம் கோடியா
மலங்குமோர் சிறிய மரக்கலம் போன்றேன்”

1904இல் மதுரை ‘விவேகபாநு’ இதழில் வந்த ‘தனிமை இரக்கம்’ என்ற பாடலின் ஏழாம், எட்டாம் அடிகள் இவை. இங்கே விளக்கு அணையவில்லை, எரிந்துகொண்டுதான் இருக்கிறது, கோடிக் காவதத்துக்கு அப்பால். எரிந்தும் பயனில்லாத விளக்கு! இருட்டில் தவிப்பதைவிட இது கொடுமை. ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் மேலுள்ள பற்றால் ஷெல்லிதாசன் என்று தமக்குப் பெயர் வைத்துக்கொண்டவரின் பாட்டு இது; அடிகளை எண்ணினால் சரியாக 14 வரும்.

முதல் எட்டடியில் பேச்சு அவளிடம். குயில் போன்றவளே, உன்னோடு குலவிய நாட்களை நினைத்து, இன்று நமக்கு நடுவே மலையும் காடும் கடலும் கிடக்கச் செய்த விதியையும் நினைத்தால், “பாவியேன் நெஞ்சம் பகீரெனல் அரிதோ?” என்கிறார். அந்தப் ‘பகீர்’ தெருவில் புழங்குகிற சொல், அகவலின், அதாவது ஆசிரியப்பாவின், நடுவில் வந்து விழுகிறது. அடுத்து அந்த மரக்கலம். ஒன்பதாம் அடியில்:

“முடம்படு தினங்காள்! முன்னர்யான் அவளுடன்
உடம்பொடும் உயிரென உற்றுவாழ் நாட்களில்
வளியெனப் பறந்தநீர்”

விளி மாறிவிட்டது. ‘நின்னொடு’ என்று எதிரில் இருந்தவள் ‘அவளுடன்’ என்று தொலைவுக்குப் போய்விட்டாள். எட்டாம் அடிக்கும் ஒன்பதாம் அடிக்கும் இடையில் அவள் கைநழுவிப் போகிறாள். இனிப் பேசுவதற்கு எதிரில் இருப்பவை நொண்டி நடக்கும் நாட்கள் மட்டும். அவளோடு இருந்தபோது காற்றாகப் பறந்தீர்களே, அந்தக் கிளியைப் பிரிந்ததும் மலையாகக் கிடக்கிறீர்களே என்று நாட்களைக் கேட்கிறார். வளி, கிரி, ஒன்று பறக்கிறது, ஒன்று அசையாது. முரணும் உவமையும் ஒரே வாக்கியத்தில். பெத்ரார்க்கின் வடிவம் கேட்கும் இடத்தில், கேட்கும் வகையில் திருப்பம்.

இயைபு எங்கே என்று தேடுவீர்கள். இல்லை. அந்த வேலையை எதுகை செய்கிறது. குயில–பயில், இன்றெ–குன்ற, மேவி–பாவி, கலங்–மலங், முடம்–உடம், வளி–கிளி, செயலை–மயிலை. ஏழு ஜோடி, ஏழு ஒலி. சர்ரே ஆங்கிலத்துக்குக் கண்ட அதே ஏழு, ஆனால் அடியின் கடைசியில் இல்லாமல் முதலில் மணி அடிக்கிறது. ஆங்கில சானெட்டில் கடைசி ஈரடி பூட்டு என்று சொன்னேன். இங்கே நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம் அந்தப் பூட்டைத் தானாகவே தருகிறது. ஈற்றயலடி மூன்று சீராகக் குறைய வேண்டும், “செயலையென் இயம்புவல் சிவனே!” என்று 13ஆம் அடியில் மூச்சு ஒரு சீர் முன்னதாகவே நின்றுவிடுகிறது. மரபுச் சட்டம், ஆனால் சொல்ல வாய் வராமல் போனது போலவே கேட்கிறது. தமிழில் சானெட் எழுத விரும்புகிறவர்கள் ஐயாம்பிக் தாளத்தோடு மல்லுக்கு நிற்பதைவிட, இந்தப் பாட்டை நூறு முறை வாய்விட்டுப் படிப்பது நல்லது.

கடைசிக் கேள்வி. 14 கட்டாயமா? பழக்கத்தில், ஆம். ஆனால் அதை மீறியவர்கள் வடிவத்தை நன்றாகத் தெரிந்தவர்கள். ஆங்கிலக் கவிஞர் ஜார்ஜ் மெரிடித் 1862இல், உடைந்துபோகும் ஒரு திருமணத்தைப் பற்றி 16 அடிக் கவிதைகளாக 50 எழுதினார். முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் உறவுக்கு அந்தக் கூடுதல் இரண்டடி பொருந்தியது. சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா தம் காதலி மதில்தே உருத்தியாவுக்காக 1959இல் வெளியிட்ட 100 காதல் சானெட்டுகளில் அடிக்கணக்கை வைத்துக்கொண்டு இயைபைப் பெரும்பாலும் விட்டுவிட்டார். மற்றவர்களின் இயைபு வெள்ளியாக, பளிங்காக ஒலித்தது, நான் மரத்தில் செய்தேன் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார்.

ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளிலும் எல்லாம் 14 இல்லை. 99ஆவதில் 15 அடி. 126ஆவதில் 12தான். அழகிய இளைஞன் ஒருவனை நோக்கிய வரிசையில் கடைசிக் கவிதை அது. இயற்கை உன்னை இன்னும் கொஞ்ச காலம் தன் செல்லமாக வைத்திருக்கலாம், ஆனால் காலத்திடம் அவள் கணக்கு ஒப்பித்தாக வேண்டும், உன்னைக் கொடுத்துத்தான் அந்தக் கணக்கைத் தீர்ப்பாள் என்று 12ஆம் அடி முடிகிறது. 1609ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்குக் கீழே, ஈரடி வரவேண்டிய இடத்தில், உள்ளே எதுவும் இல்லாத இரண்டு ஜோடி அடைப்புக்குறிகள் அச்சாகியிருக்கின்றன.